குவாங்சோ எத்தனை மணித்தியாலம்? கிலோமீற்றர் கணக்கும் கடிகாரக் கணக்கும்

சில வாரங்களுக்கு முன்னர் காத்தான்குடியைச் சேர்ந்த ஓர் இளம் வியாபாரி புறக்கோட்டையிலுள்ள எனது கடைக்கு வந்திருந்தார். ஊரில் சொந்தமாகப் புடைவைக் கடை வைத்திருப்பவர். இதுவரை கொழும்பிலேயே மொத்தமாகச் சரக்கெடுத்தவர், இப்போது முதற்தடவையாகச் சீனாவுக்குப் போய் நேரடியாகக் கொள்வனவு செய்ய நினைக்கிறார். தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"காக்கா, கொழும்பிலிருந்து குவாங்சோ எத்தனை மணித்தியாலம்?"

"விமானம் பறப்பது சுமார் ஐந்தரை மணித்தியாலம். ஆனால் தம்பி, உங்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு முழு நாள்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்வதாக நினைத்திருப்பார். கடதாசியும் பேனையும் எடுத்து அவருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இந்த வாரம் வாசகர்களுக்கும் தருகிறேன். வெளிநாடு சென்று சரக்கெடுக்கும் நமது வியாபாரிகள் பலர் டிக்கட்டின் விலையைத்தான் பத்து இடங்களில் விசாரிக்கிறார்கள். நேரத்தின் விலையை ஒருவரும் விசாரிப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையையும் கீழே சொல்கிறேன்.

தூரம் என்றால் எந்தத் தூரம்?

கட்டுநாயக்கவிலிருந்து குவாங்சோவின் பையுன் விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் சுமார் 4,000 கிலோமீற்றர். சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் இந்தக் கணக்கு சரியாக வராது. உலகம் உருண்டை, படம் தட்டை என்பதே காரணம். ஒரு பூகோள உருண்டையை எடுத்து, கொழும்பில் நூலின் ஒரு நுனியையும் குவாங்சோவில் மறு நுனியையும் வைத்து இறுக்கிப் பிடித்தால் அந்த நூல் போகும் பாதைதான் மிகக் குறுகிய பாதை. அது வங்காள விரிகுடாவைக் கடந்து, மியன்மாரின் தென்பகுதி, தாய்லாந்தின் வடபகுதி, லாவோஸ், வியட்நாமின் வடபகுதி என்று சென்று சீனாவுக்குள் நுழையும்.

விமானங்கள் அந்த நூலின் மேலேயே பறப்பதில்லை. வானத்திலும் பாதைகள் வகுக்கப்பட்டுள்ளன. புயலைச் சுற்றிப் போக வேண்டும், சில நாடுகளின் வான்பரப்பைத் தவிர்க்க வேண்டும், இறங்குவதற்கு வரிசையில் நின்று வட்டமிட வேண்டும். ஆகவே உண்மையில் பறக்கும் தூரம் எப்போதும் நேர்த்தூரத்தை விடச் சற்று அதிகமாகவே இருக்கும். விமானிகள் தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர் ஆகும்.

வான்பரப்பு மூடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பின்லாந்து நல்ல உதாரணம். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு நேர்த்தூரம் சுமார் 7,800 கிலோமீற்றர். ரஷ்யாவுக்கு மேலாகப் பறந்த காலத்தில் அந்தப் பயணம் சுமார் ஒன்பதரை மணித்தியாலம். 2022 இல் உக்ரேன் யுத்தத்தைத் தொடர்ந்து ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, அதே இரு நகரங்களுக்கிடையில் பதின்மூன்று மணித்தியாலம் வரை தேவைப்பட்டது. இரு நகரங்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன. மூன்றரை மணித்தியாலம் கூடிவிட்டது. எரிபொருளும் கட்டணமும் அதனோடு கூடத்தான் செய்யும்.

போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் வேறு?

பெரிய ஜெட் விமானம் உயரத்துக்குப் போன பின்னர் மணித்தியாலத்துக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். 4,000 ஐ 850 ஆல் பிரித்தால் ஐந்து மணித்தியாலத்துக்கும் குறைவுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது, மீண்டும் ஊர்ந்து வந்து நிற்பது ஆகியவற்றுக்கு மேலும் அரை மணித்தியாலத்துக்கு அதிகமாகச் செலவாகும். நேரசூசியில் போடுவது, விமானம் நின்ற இடத்திலிருந்து அசைந்தது முதல் மறுமுனையில் நிறுத்தப்படும் வரையான நேரத்தை ஆகும்.

அடுத்தது காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்று வீசுகிறது. பூமத்திய ரேகைக்கு அருகே இது பெரிதாகத் தெரியாது. வடக்கே போகப் போக, விசேடமாகக் குளிர்காலத்தில், மணித்தியாலத்துக்கு நூறு, இருநூறு கிலோமீற்றர் வேகத்திலும் வீசும். கிழக்கே போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும், மேற்கே வரும் விமானத்தை முன்னாலிருந்து தடுக்கும். லண்டன் பயணத்தில் இதை நன்றாகக் காணலாம். கொழும்பு - லண்டன் நேர்த்தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். இங்கிருந்து அங்கு போக ஏறக்குறைய பதினொரு மணித்தியாலம் பிடிக்கும், திரும்பி வர அதைவிடக் குறைவாகவே பிடிக்கும். குவாங்சோ கிழக்கே இருப்பதால் நமக்கு மாறாக நடக்கும். போவது சற்று விரைவு, திரும்புவது சற்றுத் தாமதம்.

டிக்கட்டில் உள்ள மணிக்கூடு

நமது வியாபாரிகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். டிக்கட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரத்திலும், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரத்திலும் போடப்பட்டிருக்கும். சீனா நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது.

இரவு 11.30 க்குக் கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்டு ஐந்தரை மணித்தியாலம் பறந்தால் நமது நேரப்படி அதிகாலை 5 மணி. டிக்கட்டிலோ காலை 7.30 என்றிருக்கும். பார்ப்பவருக்கு எட்டு மணித்தியாலப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது காலை 9 மணிக்குப் புறப்பட்டு ஐந்தே முக்கால் மணித்தியாலம் பறந்தால், பகல் 12.15 க்குக் கொழும்பில் இறங்கலாம். கடதாசியில் அது மூன்றேகால் மணித்தியாலம்தான். இரண்டும் பொய்க் கணக்கு. "பயண நேரம்" என்று தனியாகக் குறித்திருப்பதையே பார்க்க வேண்டும்.

சீனா எவ்வளவு பெரிய நாடாக இருந்தாலும் நாடு முழுவதற்கும் ஒரே நேரம்தான். குவாங்சோவிலும் யிவூவிலும் பீஜிங்கிலும் மணிக்கூடு ஒன்றாகவே இருக்கும். லண்டன் அப்படியல்ல. அங்கு கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே வைப்பதால், நமக்கும் அவர்களுக்குமான வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை.

நமது நாட்டின் மணிக்கூடும் மாறியிருக்கிறது. 1996 இல் மின்சார நெருக்கடியின்போது மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்னே வைத்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். 2006 ஏப்ரலில் மிகுதி அரை மணித்தியாலத்தையும் பின்னே எடுத்துப் பழைய நேரத்துக்கே வந்தோம். அந்த மாற்றம் வரைக்கும் சீனாவுடன் வித்தியாசம் இரண்டு மணித்தியாலம்தான். நான் "இரண்டு, இரண்டு" என்றே பழகிவிட்டேன். 2006 மே மாதத்தில் ஒருநாள் பின்னேரம் 3.45 க்கு, அங்கு 5.45 தானே என்ற நினைப்பில், ஓர் ஓடரை உறுதிப்படுத்தத் தொலைபேசி எடுத்தேன். அங்கு 6.15 ஆகிவிட்டிருந்தது. காரியாலயம் பூட்டியாயிற்று. அடுத்த நாள் பேசியபோது அந்தத் துணி வேறொருவருக்குப் போயிருந்தது. அரை மணித்தியாலம்தானே என்று இப்போது நான் எதையும் விடுவதில்லை.

இன்னொரு பொறி நள்ளிரவு விமானம். டிக்கட்டில் 16 ஆம் திகதி அதிகாலை 12.20 என்றிருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டியது 15 ஆம் திகதி இரவு. பதினாறாம் திகதி இரவு பெட்டியோடு போய் நின்று திரும்பி வந்தவர்கள் நமது தெருவிலேயே இருக்கிறார்கள்.

இடையில் இறங்கிப் போனால்?

நேரடி விமானத்தில் இடமில்லாதபோதும், கட்டணம் அதிகமானபோதும் இடையில் ஒரு நகரத்தில் மாறிப் போகிறோம். எந்த நகரம் என்பதைப் பார்க்க வேண்டும்.

பாங்கொக் வழியாகப் போனால் இரண்டு துண்டும் சேர்த்து சுமார் 4,100 கிலோமீற்றர். நேர்த்தூரத்தை விட நூறு கிலோமீற்றர்தான் அதிகம். ஏனெனில் பாங்கொக் நாம் சொன்ன அந்த நூலுக்கு அருகிலேயே இருக்கிறது. கோலாலம்பூர் வழியாக சுமார் 5,100. சிங்கப்பூர் வழியாக சுமார் 5,400. டுபாய் வழியாக மலிவு டிக்கட் இருக்கிறது என்று யாராவது சொன்னால் சற்று யோசியுங்கள். மேற்கே 3,300 கிலோமீற்றர் போய், திரும்பிக் கிழக்கே 5,800 கிலோமீற்றர் வர வேண்டும். மொத்தம் 9,100. லண்டன் போகும் தூரத்தை விட அதிகம்!

ஆனால் பாங்கொக் வழி நூறு கிலோமீற்றர்தான் அதிகம் என்பதால் நேரமும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாவது தடவை இறங்கி ஏறுவதற்கே ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும். காத்திருக்கும் நேரம் இரண்டு மணித்தியாலமாகவும் இருக்கலாம், பத்து மணித்தியாலமாகவும் இருக்கலாம். தூரம் படத்தில் இருக்கிறது, காத்திருப்பு நேரசூசியில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தே டிக்கட் எடுக்க வேண்டும்.

யிவூவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குவாங்சோவிலிருந்து யிவூ நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஷங்ஹாயிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் குறைவு. கொழும்பு - ஷங்ஹாய் சுமார் 5,100 கிலோமீற்றர். யிவூவில் மட்டும் வேலையிருப்பவர், குவாங்சோ கிட்ட இருக்கிறது என்று அங்கே இறங்கினால், மிச்சப்படுத்திய தூரத்தைத் தரையில் கொடுக்க வேண்டி வரும்.

நான் மிச்சம் பிடித்த 18,000 ரூபா

குவாங்சோவின் கன்டன் கண்காட்சி 1957 முதல் நடைபெற்று வருகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும். ஒவ்வொரு தடவையும் மூன்று கட்டங்கள், கட்டத்துக்கு ஐந்து நாட்கள். இலத்திரனியல் பொருட்களும் இயந்திரங்களும் முதற் கட்டத்தில், வீட்டுப் பாவனைப் பொருட்கள் இரண்டாம் கட்டத்தில், துணி, ஆடை, பாதணி மூன்றாம் கட்டத்தில். ஐந்து நாளில் ஒரு நாள் போனால் கண்காட்சியில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று.

2011 இலையுதிர் கண்காட்சியின் மூன்றாம் கட்டம் ஒக்டோபர் 31 இல் ஆரம்பமானது. நான் முதல் நாளே போய்ச் சேருவதாகத் திட்டம். நேரடி டிக்கட்டை விட 18,000 ரூபா மலிவாக ஒரு வழி இருப்பதாகக் கண்டுபிடித்தேன். கொழும்பிலிருந்து இடைநகரத்துக்கு ஒரு விமான நிறுவனத்தின் டிக்கட், அங்கிருந்து குவாங்சோவுக்கு இன்னொரு நிறுவனத்தின் டிக்கட். தனித்தனியாக வாங்கினேன். இடையில் மூன்று மணித்தியாலம். போதும் என்று நினைத்தேன்.

முதல் விமானம் இரண்டு மணித்தியாலம் தாமதமாகியது. இரண்டும் வெவ்வேறு டிக்கட் என்பதால் எனது பெட்டி நேரே குவாங்சோவுக்குப் போகாது. குடிவரவில் வரிசையில் நின்று, வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மீண்டும் உள்ளே போய்க் கையளிக்க வேண்டும். நான் பெட்டியோடு ஓடிப்போன நேரம் கருமபீடம் மூடியிருந்தது. இரண்டாவது நிறுவனத்துக்கு எனது முதல் விமானத்தின் தாமதத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. முதலாவது நிறுவனமோ என்னைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தாயிற்று. யார் மீதும் குற்றமில்லை. டிக்கட்டைப் பிரித்து வாங்கியவன் நான்தான். புதிய டிக்கட் அடுத்த நாள் இரவுக்குத்தான் கிடைத்தது. விலை, நான் மிச்சம் பிடித்ததை விட இரண்டு மடங்கு.

நவம்பர் 2 ஆம் திகதிதான் கண்காட்சி மண்டபத்துக்குள் காலடி வைத்தேன். ஒரு வருடமாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்த உற்பத்தியாளர், எனக்காக இரண்டு நாள் பார்த்துவிட்டு, அந்த வடிவங்களை இலங்கைக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் யார் தெரியுமா? புறக்கோட்டையில் எனக்கு அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவர். வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்று மிஞ்சிய நாட்களில் அவசரமாக வேறு சரக்கெடுத்தேன். அதில் பாதி அடுத்த வருடப் பெருநாள் முடிந்தும் றாக்கையிலேயே இருந்தது. கடைசியில் கொள்விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டேன். அந்த 18,000 ரூபாவை எத்தனையால் பெருக்கினால் எனது நட்டம் வரும் என்று இன்றுவரை நான் சரியாகக் கூட்டிப் பார்த்ததில்லை.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்

இப்போது அந்தத் தம்பிக்குப் போட்டுக் கொடுத்த கணக்குக்கு வருவோம். பயணத்தை விமான நிலையத்திலிருந்து அல்ல, வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் வாசல் வரை கணக்கிட வேண்டும்.

காத்தான்குடியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் ஏழு முதல் எட்டு மணித்தியாலம். விமானத்துக்கு முன்னர் மூன்று மணித்தியாலம். பறப்பது ஐந்தரை. குவாங்சோவில் குடிவரவு, பெட்டி எடுத்தல் ஒன்றரை. நகரத்துக்குள் ஹோட்டலுக்குப் போக ஒரு மணித்தியாலம். கூட்டினால் 18 முதல் 19 மணித்தியாலம். அவர் வானத்தில் இருப்பதை விட மட்டக்களப்பு வீதியில்தான் அதிக நேரம் இருக்கப் போகிறார்! கொழும்பில் இருப்பவருக்கு இது சுமார் 12 மணித்தியாலம். 2013 இல் கட்டுநாயக்க அதிவேகப்பாதை திறந்த பின்னர் அவர்களுக்கு விமான நிலையம் இன்னும் கிட்ட வந்துவிட்டது.

இனி நேரத்துக்கு விலை போடுங்கள். உதாரணத்துக்கு, உங்கள் கடையில் நீங்கள் நின்றால் நாளொன்றுக்கு 15,000 ரூபா இலாபம் என்று வைத்துக்கொள்வோம். மலிவு டிக்கட் 25,000 ரூபா குறைவு. ஆனால் போகும்போது ஒரு நாளும் வரும்போது ஒரு நாளும் அதிகம். இரண்டு நாள் இலாபம் 30,000. இடைநகரத்தில் சாப்பாடு, தங்குமிடம் வேறு. மலிவு டிக்கட்தான் விலை கூடிய டிக்கட். உங்களது உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இருப்பவருக்கும், உறவினரைப் பார்க்கப் போகிறவருக்கும் விடை வேறாக வரலாம். அவர்களுக்கு மலிவு டிக்கட்டே நல்லது.

வேலைக்குப் போகிறவர்கள் இவற்றையும் கவனிக்க வேண்டும்:

இடையில் மாறிப் போவதானால் இரண்டு துண்டையும் ஒரே பதிவில், ஒரே டிக்கட்டாக எடுங்கள். அப்போதுதான் முதல் விமானம் பிந்தினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுக்கு வரும், பெட்டியும் நேரே போகும்.

தனித்தனி டிக்கட் எடுத்தே ஆக வேண்டுமென்றால், இடைநகரத்துக்குள் நுழைய விசா தேவையா என்று முதலில் பாருங்கள். இடைவெளியை மணித்தியாலக் கணக்கில் வைக்காமல் ஓர் இரவாக வையுங்கள்.

இரவு விமானத்தில் போய்க் காலையில் இறங்கியவர் அன்றே விலை பேசக்கூடாது. நமது உடம்புக்கு அது அதிகாலை ஐந்து மணி, தூக்கமும் இல்லை. கண் எரிச்சலோடு பேரம் பேசியவர் இலாபமாகப் பேசியதை நான் கண்டதில்லை. முதல் நாள் சுற்றிப் பாருங்கள், இரண்டாம் நாள் பேசுங்கள்.

கண்காட்சி ஆரம்பமாகும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். ஒக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டுக் காலமும் அங்கு நீண்ட விடுமுறை என்பதால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

ஒரு பழைய கணக்கு

இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1943 முதல் 1945 வரை, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து காலிக்கு அருகேயுள்ள கொக்கலை வாவிக்குக் கட்டலினா என்ற கடல் விமானங்கள் இடையில் எங்கும் இறங்காமல் வந்து போயின. தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர். எடுத்த நேரம் 27 முதல் 33 மணித்தியாலம். ஆகாயத்திலேயே இரண்டு தடவை சூரியன் உதிப்பதைக் காணலாம் என்பதால் இரட்டைச் சூரியோதயப் பயணம் என்று அதற்குப் பெயர். மூன்று பேருக்கும் கொஞ்சம் தபாலுக்கும்தான் இடம். அதே தூரத்தை இன்றைய ஜெட் விமானம் ஏழு மணித்தியாலத்தில் கடந்துவிடும்.

வானத்தில் போகும் நேரத்தை இயந்திரம் இப்படிக் குறைத்துத் தந்திருக்கிறது. தரையில் போகும் நேரத்தை நாம்தான் குறைக்க வேண்டும்.

காத்தான்குடித் தம்பி கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முந்தைய நாள் மாலையே கொழும்புக்கு வந்து உறவினர் வீட்டில் தூங்கிவிட்டுப் புறப்படுவதாகவும், நேரடி விமானத்தில் இடம் கிடைக்காவிட்டால் பாங்கொக் வழியாக ஒரே டிக்கட்டில் போவதாகவும் சொன்னார். எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பி, "காக்கா, அந்த அடுத்த தெருக் கடைக்காரர் இந்த வருடமும் போகிறாரா?" என்று கேட்டார். போகிறார் என்றேன். "அப்படியென்றால் நான் இரண்டு நாள் முந்தியே போகிறேன்" என்றார்.

விமானத்தில் ஆள் போவதைப் பற்றி இந்த வாரம் பார்த்தோம். அதே குவாங்சோவிலிருந்து சரக்கு கப்பலில் வரும் நாட்களையும், துறைமுகத்தில் அது காத்துக் கிடக்கும் நாட்களையும் எப்படிக் கணக்கிடுவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.